பழைய நிழற்படத்தில் ஒரு ஜேர்மன் மோட்டார் வண்டி

துவிச்சக்கர வண்டியன்றிப் பிற வண்டி எதனையும் செலுத்தியறியாத தமிழாசிரியன் ஒருவன் ஜேர்மன் மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு நகை விளைவிக்கலாம். ஆயினும், இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று கேட்கப்பட்டபோது, இலக்கியப் பொருளை விடுத்து இதனையே எழுதத் துணிந்தேன். காரணம் நான் செய்த ஒரு பிழையாகும்.

பள்ளிமுனையிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் கண்காட்சிக்கெனப் பழைய நிழற்படமொன்றைக் கொணர்ந்தான். ஐரோப்பியத் துறைமுகமொன்றில் திறந்த மோட்டார் வண்டியொன்று சேறு படிந்து நிற்கின்றது. அதன் பக்கத்தில் போட்டி இலக்கம் தீட்டிய வெண்வட்டம். சுற்றிலும் வேடிக்கை பார்ப்போர். அவர்களுள் கரிய நிறத்து இளைஞர் ஒருவர். கப்பலில் வேலை செய்து மேனாடு சென்று மீண்ட தன் பூட்டனாரே அவர் என்பது அம்மாணவன் குடும்பத்தாரின் நம்பிக்கை.

நான் ஒரு நூலைப் புரட்டி, ஒத்த படமொன்றைக் கண்டு, “பி.எம்.டபிள்யூ. 328, 1936 ஆம் ஆண்டின் பின் எடுத்தது” எனப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். கண்காட்சி காண வந்த மாணவனின் அம்மம்மா, எண்பத்தைந்து வயதைக் கடந்தவர், அதனை வாசிப்பித்துக் கேட்டார். “எங்கட ஐயா முப்பத்தைஞ்சிலேயே ஊருக்கு வந்து கலியாணம் முடிச்சிட்டார், மாஸ்ரர். அப்ப இது அவரில்லையோ?” என்றார். எனக்கு வாயெழவில்லை. வண்டியின் பெயரைப் பிழைபட எழுதினால், மனிதர் ஒருவர் தம் படத்திலிருந்தே நீக்கப்படக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

சைவ சித்தாந்த நூல்கள் பொருளை அறியுங் கருவிகளை அளவை என்று கூறி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். கயிற்றைக் கண்டு பாம்போ எனல் ஐயம். பாம்பே எனல் திரிபு. நான் எழுதியது திரிபு. பொறியியலாளராகிய பழைய மாணவர் ஒருவர் அன்பு கூர்ந்து உதவ, அம்மூன்று அளவைகளையும் அப்படத்தின்மேற் செலுத்திப் பார்த்தோம்.

முதலாவது காட்சி. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு வண்டியின் முகத்தை நோக்குதல் வேண்டும். நெடுந்தூரப் போட்டிக்குச் செல்லும் வண்டியிற் சக்கர மூடிகள் கழற்றப்படும். மேலதிக விளக்குகள் பூட்டப்படும். முகமோ பெரும்பாலும் மாறுவதில்லை. றேடியேற்றரின் உச்சியில் மும்முனை விண்மீன் நிற்பின் அது மெர்சிடிஸ் பென்ஸ். நான்கு வளையங்கள் கோவைப்பட்டிருப்பின் ஓட்டோ யூனியன், அவுடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ச், வாண்டரர் என்னும் நான்கு நிறுவனங்கள் 1932 இல் ஒன்றாய் இணைந்தமையை அவ்வளையங்கள் குறிக்கும். நான்கனுள் எதுவென அறிய வேறோர் அடையாளம் தேடல் வேண்டும். சிறகு முளைத்த டபிள்யூ எழுத்து வாண்டரருக்கு உரியது. 1933 முதல் பி.எம்.டபிள்யூ. வண்டிகளின் முகத்திற் சிறுநீரகத்தை ஒத்த வடிவில் இரண்டு கம்பித் தடுப்புகள் அமைந்தன. எம் படத்தில் இருந்தவை அவையே. இதுவரை என்னிடம் பிழையில்லை.

பிழை அடுத்த படியிலேயே நேர்ந்தது. 328 என்னும் வண்டி 1936 ஜூன் மாதத்தில் நூர்பேர்க்றிங் ஓட்டப் பாதையில் முதன்முதல் தோன்றியது. செய்யப்பட்டவை 464 மாத்திரமே. அதன் முன்விளக்குகள் உடலோடு இழைந்து பதிந்திருக்கும். எஞ்சின் மூடியைத் தோல்வார் இறுக்கியிருக்கும். எம் படத்தில் விளக்குகள் தனித்து நின்றன, வாரும் இல்லை. ஆகவே, அது 328 இன் மூத்த உடன்பிறப்புகளாகிய 315/1, 319/1 என்பவற்றுள் ஒன்றாதல் வேண்டும். அவை 1934 முதல் வெளிவந்தவை. இரண்டும் தோற்றத்தில் இரட்டையரை ஒத்தவை. ஒன்றின் எஞ்சின் 1490 கன சென்ரிமீற்றர், மற்றதினது 1911. எஞ்சினை நிழற்படம் காட்டாது.

இரண்டாவது கருதல். புகை கண்டு நெருப்பை உணர்தல் போல்வது இது. இரண்டாம் உலகப் போரின் முடிவு வரை ஜேர்மன் வண்டிகளின் இலக்கத் தகடு பதிவு செய்த வட்டாரத்தை அறிவித்தது. ரோம இலக்கம் ஒன்றுடன் ஏ எழுத்து வரின் பேர்லின். இரண்டுடன் வரின் மூனிச். எம் படத்தில் இருந்தது பின்னையது. அதனாற் படம் மூனிச்சில் எடுக்கப்பட்டதெனக் கொள்ளலாகாது. வண்டி ஓடுவது, தகடும் அதனுடன் ஓடும். நம் நாட்டிலும் இம்முறை பயன்படும். சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த சீ.ஈ., ஈ.எல்., ஈ.என். முதலிய ஈரெழுத்துகளைத் தகட்டிற் கண்டால் ஒரு காலம். சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கண்டால் 1950களின் பிற்பகுதியும் அதன் பின்னும். 1958 இல் அவ்வெழுத்தின் பொருட்டு எழுந்த கிளர்ச்சியை மூத்த பழைய மாணவர் அறிவர்.

பின்னணியும் பேசும். பெருக்கமரம் தெரியும் படத்தைப் பள்ளிமுனை என்போம். ஆயினும், மன்னார்த் தீவிற் பெருக்கமரம் வேறிடங்களிலும் உண்டென்பதை மறத்தலாகாது. ஜேர்மன் படங்களில் நாசிக் கட்சியின் கொடியும் சீருடையும் தோன்றுவதுண்டு. 1933 இல் ஹிட்லர் ஆட்சி பெற்றபின் அக்கட்சியின் மோட்டார்ப் படை இப்போட்டிகளைத் தன் கைக்குள் கொண்டது. அவற்றை வெட்டி நீக்குதல் தகாது, அவையும் சான்றே.

மூன்றாவது உரை, அஃதாவது அறிந்தோர் எழுதிவைத்தது. 1933, 1934 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியைச் சுற்றி இரண்டாயிரம் கிலோமீற்றர்ப் போட்டிகள் நடைபெற்றன. இத்தகைய போட்டிகளில் வண்டிகள் எஞ்சினின் அளவுக்கேற்ப வகுக்கப்படும். ஆதலின் பட்டியலும் படத்தின் இலக்கமும் பொருந்தினால் மறைந்த எஞ்சினும் வெளிப்படும். எம் படத்தில் அவ்விலக்கத்தின் பாதியை ஒருவரது தொப்பி மறைத்துவிட்டது.

உரையும் ஏமாற்றும். பேர்லினிலிருந்து உரோமாபுரி வரை 1939 செப்ரெம்பரில் நடாத்தக் கருதிய போட்டிக்கெனப் போர்ஷே பணிமனை மூன்று வண்டிகளை வடிவமைத்துச் செய்தது. போர் மூண்டமையாற் போட்டி நடைபெறவில்லை. எஞ்சிய வண்டியின் முகத்திலுள்ள போர்ஷே என்னும் எழுத்துகள் போரின் பின்னரே பொருத்தப்பட்டவை. அவ்வெழுத்துகள் தோன்றும் படத்தை 1939 க்கு உரியதென்பார், பெயர்த் தகட்டை நம்பி மோசம் போனவராவர்.

ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்த சாமிநாதையர், துணிய முடியாத இடங்களிற் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினார். அது பலவீனமன்று, நேர்மை. நானும் என் அட்டையைக் கிழித்து, “பி.எம்.டபிள்யூ. 315/1 அல்லது 319/1, 1934 அல்லது அதன் பின், மூனிச் பதிவு, இளைஞர், குடும்பத்தார் கூற்றுப்படி, பள்ளிமுனையைச் சேர்ந்தவர்” என வேறெழுதி, அவ்வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அம்மூதாட்டி கேட்டு, “அப்ப ஐயாவா இருக்கலாம்?” என்றார். “இருக்கலாம், அம்மா” என்றேன். “அது காணும், மாஸ்ரர்” என்றார்.

1964 ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், பின்னர் போரினால் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும் இப்பகுதியார் இழந்த நிழற்படங்கள் பல. எஞ்சியவை சிலவே, அவற்றில் இருப்போரை அறிந்த முதியோரும் அருகி வருகின்றனர். பழைய மாணவர்களே, விடுமுறையில் ஊருக்கு வரும்போது வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். மூத்தோரிடம் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் மெல்ல, யார், எங்கே, எப்போது என எழுதுங்கள். உறுதியாகத் தெரியாவிடத்து ‘அல்லது’ என்று எழுத நாணாதீர்கள். அச்சொல் ஒருவருக்கு இடம் வைத்திருக்கும்.