கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம்

கடந்த மழைக்காலத்தில், ஹந்தானையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் விறகு எடுக்கப் போன உம்மம்மாவின் விரலில் பாம்பு தீண்டியது. அயலவர்கள் ஓடி வந்து மணிக்கட்டைத் துணியால் இறுகக் கட்டினார்கள். ஒருவர் கீறிவிட பிளேடு கேட்டார். வாப்பா அதைத் தடுத்து, உம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றினார்.

வைத்தியசாலையில் முதலில் அந்தக் கட்டைத்தான் மெதுவாகத் தளர்த்தினார்கள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "பாம்பை விட இந்தக் கட்டே கையைக் கெடுத்திருக்கும்" என்றார் வைத்தியர்.

ஏன்? இறுகக் கட்டினால் இரத்தம் ஓடாது. நஞ்சும் ஓரிடத்தில் தேங்கித் தசையை அழிக்கும். கீறினால், உறையும் தன்மையை இழந்த இரத்தம் நிற்காமல் வடியும். வாயால் உறிஞ்சுவதால் நஞ்சு வெளியே வருவதுமில்லை.

தம்பி தூரத்தில் நின்று தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து, அது குணகட்டுவா என்றார்கள். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் அது. சருகிலும் விறகடுக்கிலும் பதுங்கியிருக்கும். இலங்கையில் அதிகமானோரைத் தீண்டுவது இதுதான். நமது வைத்தியசாலைகளில் உள்ள இந்திய நஞ்செதிர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கானது. குணகட்டுவாவின் நஞ்சுக்கு அது பயன்படாது. பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும் என்றாலும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே "சின்னப் பாம்புதானே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வைத்தியசாலையில் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்த்தார்கள். உறையாவிட்டால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். உம்மம்மாவின் இரத்தம் உறைந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் சிறுநீரகத்தைக் கவனிக்க அவரை அங்கேயே தங்க வைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை இவைதான்:

• பாம்பை விட்டு விலகுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள்.
• வீக்கம் வருமுன் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள்.
• கடிபட்ட கை கால்களை அசைக்காமல், எலும்பு முறிந்தவருக்குப் போல மட்டையோடு தளர்வாகக் கட்டி வையுங்கள்.
• அஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.
• கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையேல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

உம்மம்மா இப்போது தடியால் தட்டிப் பார்த்த பின்பே விறகில் கை வைக்கிறார். அயலவர்கள் அன்பினால்தான் கட்டினார்கள். அந்த அன்போடு கொஞ்சம் அறிவும் சேர்ந்திருந்தால் போதும்.