தொடவும் கூடாது, விடவும் கூடாது! கடல் கடக்கும் சாதனையாளருக்குக் காவல் நிற்கும் துணைப்படகு

1966-ம் ஆண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியே வந்துவிடுவது என்று முடிவு செய்தார் கொல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென். 1958-லேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் அவர். அதனால் நீந்துவதில் அவருக்குப் பயமில்லை. பணம்தான் இடித்தது. வழிகாட்டவும் நேரத்தைப் பதிவு செய்யவும் கூடவே வரப்போகும் கடற்படைக்குக் கட்ட வேண்டிய தொகை 45,000 ரூபாய். அந்தக் காலத்து 45,000!

பாதிப் பணத்தை 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகை உள்ளிட்ட புரவலர்கள் கொடுத்தார்கள். மீதிக்கு அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கைகொடுத்தார். சுகன்யா, சாரதா என்ற 2 கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன. ஏப்ரல் 5-ம் தேதி தண்ணீரில் இறங்கியவர், 25 மணி 36 நிமிடம் நீந்தி மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம் அது.

மிஹிர் சென் பெயர் பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த 2 கப்பல்களின் பெயரை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆனால் அவர் உயிரோடு கரையேறியதில் அந்தக் கப்பல்களுக்கும் பங்கு உண்டு.

விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற உள்ளூர்ப் பகுதிகளில் நீச்சல் என்றால் கிணறும் ஏரியும்தான். பிள்ளையின் இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காலி பிளாஸ்டிக் கேன். மேலே படிக்கட்டில் அப்பாவோ தாத்தாவோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளை தண்ணீர் குடித்தால் ஒரே இழுப்பு. கடலில் துணைப்படகு செய்வதும் இந்தத் தாத்தாவின் வேலையைத்தான். ஒரே வித்தியாசம், அங்கே கயிறு கிடையாது. நீந்துபவரை யாராவது தொட்டுத் தாங்கினாலோ, அவர் படகைப் பிடித்தாலோ நீச்சல் அங்கேயே முடிந்தது. சாதனைக் கணக்கில் சேராது. தொடாமலே 10 மணி நேரம், 15 மணி நேரம் ஓர் உயிரைக் காக்க வேண்டும்.

எல்லாரும் ஏன் மார்ச், ஏப்ரலில் நீந்துகிறார்கள்?

தேதிகளைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். தேனியைச் சேர்ந்த 10 வயது ஜெய் ஜஸ்வந்த், 2019 மார்ச் 28. தெலங்கானாவைச் சேர்ந்த 47 வயது சியாமளா கோலி, 2021 மார்ச் 19. இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர அதே வருடம் ஏப்ரலில் போய்த் திரும்பி இரண்டு வழியும் நீந்தினார். மும்பைச் சிறுமி ஜியா ராய், 2022 மார்ச் 20. மிஹிர் சென்னும் ஏப்ரல்தான்.

இது தற்செயல் இல்லை. வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் கிளம்பாத இடைவெளி இது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே வரிசையாக மணல் திட்டுகள். இலங்கையிலிருந்து வரும் அகதிகள் தவிக்கும் செய்திகளில் நாம் அடிக்கடி படிக்கிறோமே, அதே திட்டுகள்தான். மீனவர்கள் 'தீடை' என்பார்கள். இந்தத் திட்டுகளின் இடைவெளி வழியாகத் தண்ணீர் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இழுக்கும். நேர்க்கோட்டில் சுமார் 29 கிலோமீட்டர்தான். ஆனால் ஓட்டம் பக்கவாட்டில் தள்ளினால் நீந்த வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும்.

வடக்கிலிருந்து வரும் ஓட்டத்தை வாநீவாடு என்றும், தெற்கிலிருந்து வருவதைச் சோநீவாடு என்றும் மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். காற்று, அலை பற்றிய முன்னறிவிப்பு இன்று செல்போனிலேயே கிடைக்கிறது. இருந்தாலும் எந்தத் தீடை பக்கம் இன்றைக்கு இழுக்கிறது என்பது தினமும் அந்தத் தண்ணீரில் வலை போடுகிறவருக்குத்தான் தெரியும். பாதுகாப்பு ஏற்பாட்டில் முதல் செலவு இவருக்கு ஆவதுதான் நியாயம். பெரும்பாலும் செய்திகளில் இவர் பெயரே வருவதில்லை.

தேதி குறிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்.

கடலுக்கு முன்னால் காகிதம்

1974-ல் போட்ட ஒப்பந்தப்படி இந்தக் கடலின் நடுவே சர்வதேச எல்லைக்கோடு ஓடுகிறது. எல்லை தாண்டினால் படகு பறிமுதல், ஆள் கைது என்று வாரம்தோறும் செய்தி வருகிற இடம். இங்கே ராமேஸ்வரத்துப் படகு தலைமன்னார் வரை போய் நிற்க வேண்டும் என்றால் சும்மாவா? வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சகங்கள், இலங்கை அரசு, அந்த நாட்டுக் கடற்படை, நம் கடற்படை, இந்தியக் கடலோரக் காவல்படை, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். படகின் எண், படகில் வருகிற ஒவ்வொருவரின் பெயர், அடையாள ஆவணம் எல்லாம் முன்கூட்டியே போயாக வேண்டும்.

இதில் பெரிய தலைவலி, தேதி. அனுமதி கிடைத்த நாளில் கடல் அமைதியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காற்று சரியில்லாவிட்டாலும் 'இன்னிக்கு விட்டா மறுபடி அனுமதி வாங்கணுமே' என்று இறங்கிவிடும் ஆசை வரும். விவரம் தெரிந்த ஏற்பாட்டாளர் ஒரே நாளைக் கேட்க மாட்டார். மாற்று நாள்களையும் சேர்த்தே கேட்பார்.

படகில் யார், என்ன?

முதல் நாளே ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பி, இரவில் இலங்கைக் கரையோரம் காத்திருந்து, விடியும் முன்பே நீச்சலைத் தொடங்குவார்கள். ஜியா ராய் தொடங்கியது அதிகாலை 4.22 மணிக்கு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறியபோது மாலை 5.32. மொத்தம் 13 மணி 10 நிமிடம்.

இருட்டில் நீந்துகிறவரின் தலை ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும். அலை கொஞ்சம் எழும்பினாலே அதுவும் மறைந்துவிடும். அதனால் தொப்பியிலும் முதுகுப் பக்கத்திலும் ஒளிரும் குச்சியோ சிறு விளக்கோ கட்டுவார்கள். ஒருவருக்கு இதைத் தவிர வேறு வேலையே கிடையாது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செல்ஃபி, லைவ், வாட்ஸ்அப் எதுவும் கூடாது. கண் களைத்துவிடும் என்பதால் மாற்றி மாற்றி ஆள் உட்கார வேண்டும்.

ஒரே படகோடு போவது சூதாட்டம். அதன் இன்ஜின் நின்றால் நீந்துகிறவர் நடுக்கடலில் தனி. குறைந்தது இரண்டு படகு வேண்டும். ஒன்று பக்கத்தில் ஊர்ந்து வர, மற்றொன்று முன்னால் போய் ஓட்டத்தைப் பார்க்கவும், அவசரத்துக்குக் கரைக்கு ஓடவும். பக்கத்துப் படகிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சுழலும் இன்ஜின் விசிறி. மீட்பவர் தண்ணீரில் குதிக்கும் முன் இன்ஜின் நியூட்ரலுக்கு வந்தாக வேண்டும். டீசல் புகை நீந்துகிறவர் முகத்துக்குப் போகாத பக்கமாகப் படகு வர வேண்டும். மணிக்கணக்கில் புகையை இழுத்தால் வாந்தி வரும். வாந்தி எடுத்தால் உடம்பில் தண்ணீர் குறையும். இதனால்தான் பல நாடுகளில் நீந்துகிறவருக்கு மிக அருகில் துடுப்புப் படகான கயாக்கில் ஒருவர் வருவார். புகை இல்லை, விசிறி இல்லை, முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

சாப்பாடு? அரை மணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டிலை வீசுவார்கள். மிதந்துகொண்டே குடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். கயிற்றைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

பிறகு சொறி என்கிற ஜெல்லி மீன். பட்டால் தீ சுட்ட மாதிரி எரியும். மணலைப் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீரை ஊற்றுவது இரண்டும் எரிச்சலைக் கூட்டும். சிலருக்கு மூச்சுத் திணறலும் வரலாம். அதனால் படகில் மருத்துவர் இருப்பது ஆடம்பரம் அல்ல.

'போதும்' என்று சொல்லும் உரிமை யாருக்கு?

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954-லேயே பாக் நீரிணையை நீந்தியவர். அவரை அடுத்து வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971-ல் இரண்டு வழியும் நீந்திக் காட்டினார். பல கின்னஸ் சாதனைகளுக்குச் சொந்தக்காரர். அப்படிப்பட்டவர் 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். துணைப்படகு இல்லாமல் யாரையும் நீந்த விடாத கால்வாய் அது. அனுபவம், படகு இரண்டும் இருந்தாலும் கடல் சில நேரம் ஜெயித்துவிடுகிறது.

துணையே சரியாக இல்லாவிட்டால்? 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி. அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன், வயது 26, கடைசிச் சுற்றில் காணாமல் போனார். மூழ்கியதை யாருமே பார்க்கவில்லை. சுமார் 2 மணி நேரம் கழித்துத்தான் உடல் கிடைத்தது. பந்தயப் பாதையில் போதுமான கண்காணிப்பு இல்லை என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது. அதன்பிறகே, தண்ணீரின் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால் போட்டி நடத்தக் கூடாது என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் விதி கொண்டுவந்தது. நம் கடலிலும் குளிர் எதிரி அல்ல, சூடுதான். தண்ணீரிலேயே இருப்பதால் வியர்ப்பது தெரியாது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக் குறித்துக்கொண்டே வருவார்கள். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் எச்சரிக்கை. நேராக வந்தவர் படகை விட்டு விலகி விலகிப் போனால் எச்சரிக்கை. 'உன் பேரென்ன, இன்னிக்கு என்ன கிழமை' என்று கேட்பார்கள். பதில் குழறினால் தூக்கிவிட வேண்டியதுதான். களைத்துப்போனவர் தானாக 'முடியல' என்று சொல்வது அபூர்வம். கரை தெரிய ஆரம்பித்தபின் சொல்லவே மாட்டார்.

ஜியா ராய் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. ஆட்டிசம் உள்ள, பேச்சு தாமதமான குழந்தை. வலிக்கிறது, தாகமாக இருக்கிறது என்பதை வாயால் சொல்லி மற்றவர் புரிந்துகொள்ளக் காத்திருக்க முடியாது. முகத்தையும் கைவீச்சையும் படிக்கத் தெரிந்தவர்களே துணைக்குத் தேவை.

இந்த முடிவை எடுப்பவர் பெற்றோராக இருக்கக் கூடாது. அது கடுமையாகத் தெரியலாம். ஆனால் மாதக்கணக்கான பயிற்சி, கடன் வாங்கிய பணம், கரையில் மாலையோடு நிற்கும் பிரமுகர்கள் எல்லாம் அப்பா அம்மாவின் மனதில் ஓடும். பயிற்சியாளருக்கும் அப்படித்தான். சாதனையில் லாபமோ பெயரோ இல்லாத ஒருவர் கையில் அந்த அதிகாரம் இருக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் படகோட்டியின் சொல்லே இறுதி. 1994-ல் 12 வயதில் குற்றாலீஸ்வரன் ஒரே வருடத்தில் 6 நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்ததிலிருந்து, நம்மூரில் சிறுவர்களைக் கடலில் இறக்கும் ஆர்வம் குறையவில்லை. 10 வயதுப் பிள்ளைக்கு எத்தனை படகு என்று கேட்பவர்கள்தான் குறைவு.

துடுப்பு போட்டால் கணக்கு வேறு

கயாக், நின்றுகொண்டே துடுப்பு போடும் பலகை இரண்டும் இப்போது நம் கடற்கரைகளிலும் பரவிவிட்டன. கௌஸ்துப் கடே 2015-ல் துவாரகையிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 3,000 கிலோமீட்டர் தனியாகக் கயாக்கில் வந்தார். பின்னர் ஒரு பயணத்தில் சஞ்சலி ஷாஹி கரையோரமாகச் சைக்கிளிலேயே அவருக்குத் துணை வந்தார். இப்படி நாள்கணக்கில் போகும்போது ஒவ்வொரு மாலையும் அலையைத் தாண்டிக் கரையேறுவதே பெரும்பாடு. எந்தக் குப்பத்தில் இறங்கலாம், எங்கே பாறை, எங்கே துறைமுகம் என்று கரையில் இருப்பவர் முன்பே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் என்றால் மரக்காணம் பகுதி. 19 மீனவ கிராமங்கள். அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் ஒரு துடுப்புப் பயணம் போகலாமே என்று நினைக்கும் இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. ஜூன் முதல் மேற்கே இருந்து அடிக்கும் தரைக்காற்று கரையோரத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் பலகையில் நிற்கும் மனிதர் ஒரு பாய்மரத்துக்குச் சமம். காற்று அவரைச் சத்தமில்லாமல் ஆழ்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். திரும்பிப் பார்த்தால் கரை சிறுத்திருக்கும். லைஃப் ஜாக்கெட், காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு, விசில், தண்ணீர் புகாத உறையில் செல்போன் இல்லாமல் கிளம்பவே கூடாது. தவறி விழுந்தாலும் பலகையை விட்டு நீந்தக் கூடாது. தேடி வருபவர் கண்ணுக்குத் தலையைவிடப் பலகைதான் முதலில் படும்.

தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 2018 ஒரு சாட்சி. தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகில் பலத்த காயம், எழுந்திருக்கவே முடியவில்லை. கையில் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி இருந்ததால் இடம் தெரிந்தது. நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருப்பவை போன்ற பி-8ஐ ரகக் கடற்படை விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து அவரது படகைக் கண்டுபிடித்தது. பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரைத் தூக்கியது செப்டம்பர் 24-ல். இடம் தெரிந்தும் 3 நாள்.

மரக்காணத்தில் அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமே! கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடமும், இறங்கும் கிராமத்துப் பஞ்சாயத்தாரிடமும் கொடுத்துவிடலாம்: எத்தனை பேர், பலகையின் நிறம், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி ஆனால் யாருக்கு போன் செய்வது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.