பேய் எந்த ஊர் ஆள்?

பேய் வீட்டுப் படம் பார்க்கும்போது எங்கள் சனம் கேட்கிற முதல் கேள்வி, "இந்தச் சனியன் பிடித்த வீட்டை விட்டு எழும்பிப் போனால் என்ன?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் போக இன்னொரு வீடு வேண்டுமே! ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு யூனிற் எடுக்க பொண்ட் காசு, சம்பளத் துண்டு என்று அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆங்கிலப் பேய்ப்படங்களில் அது பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பம் காசு கொடுத்து வாங்கிய பெரிய வீடு. 1979இல் வந்த 'த அமிற்றிவில் ஹொரர்' அப்படித்தான். 1980இல் வந்த 'த ஷைனிங்' படத்தில், ஹோட்டலையே அமெரிக்க ஆதிக்குடிகளின் இடுகாட்டின் மேல் கட்டியதாகச் சொல்வார்கள். அவர்களுடைய எலும்புக்கு மட்டும்தான் கதையில் இடம்.

எங்கள் பக்கம் என்ன திறம்? 1993இல் ஃபாசில் எடுத்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. கேரளத்து மாளிகையில் அடைபட்ட நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த தமிழ் நாட்டியக்காரி. ஷோபனா அவளாக மாறினால் தமிழ் பேசுவார். அதே கதை 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்ததும் பேய் தெலுங்குக்காரியாகிவிட்டது. 2007இல் 'பூல் புலையா' என்று இந்திக்குப் போனபோது வங்காளி. எங்கே எடுத்தாலும் பேய் வேற்று மொழிக்காரி. அவளைக் கொண்டுவந்து கொன்றவன் மட்டும் உள்ளூர் ஆள். ஜோதிகா தெலுங்கில் மிரட்டியபோது நாங்களும் கைதட்டித்தானே பார்த்தோம்.

அந்த வேற்றாளே கதை சொன்னால்? இந்த நாட்டில் 1993இலேயே ட்ரேசி மொஃபற் 'பிடெவில்' எடுத்தார். ஆதிக்குடிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. மூன்று பேய்க் கதைகள். ஒன்றில், தண்டவாளத்தோரத்து வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ரயில் ஓடும். (ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்ரேசனுக்குக் கிட்ட இருப்பவர்களுக்குச் சத்தம் பழக்கம்தான்.)

எங்களுக்கு இன்னும் கிட்டவான படம் 2020இல் நெற்ஃபிளிக்ஸில் வந்த 'ஹிஸ் ஹவுஸ்'. றெமி வீக்ஸ் இயக்கியது. போல், றியால் என்ற கணவனும் மனைவியும் தெற்குச் சூடானிலிருந்து தப்பி, ஒரு பெண்பிள்ளையைக் கடலில் பறிகொடுத்து இங்கிலாந்துக்கு வருகிறார்கள். தடுப்பிலிருந்து விட்டு ஒரு பழுதான வீட்டைக் கொடுக்கிறார்கள். வேலை செய்யக்கூடாது, கிழமைக்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும், வேறு வீட்டுக்கு மாறக்கூடாது. சுவருக்குள் பேய். எங்கே எழும்பிப் போவது? வீடு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பேயை விடப் பெரிது.

எனக்குப் பிடித்தது சின்னச் சின்ன இடங்கள். மேசையில் இருந்து முள்ளுக்கரண்டியால் சாப்பிடச் சொல்கிறான் போல். றியாலுக்கு வாயில் இரும்புதான் உருசிக்கிறது. கடை விளம்பரத்தில் நிற்பவரின் உடுப்பைப் பார்த்து அதேமாதிரி வாங்கிப் போடுகிறான். வழி கேட்ட றியாலை ஆபிரிக்காவுக்குப் போகச் சொல்லிப் பகிடி பண்ணுவது வெள்ளைக்காரர் இல்லை, அவளைப் போலக் கறுத்தப் பொடியன்கள். முந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்களைப் பற்றிக் கதைப்பதைத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் கேட்டவர்களுக்கு இது புதினமில்லை.

இந்தப் பேய் வீட்டோடு கிடந்ததல்ல. இவர்களோடு கடல் கடந்து வந்தது. ஏன் வந்தது என்பதை நீங்களே பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கிற படமில்லை. வள்ளத்தில் வந்தவர்கள் கடல் காட்சிகளைத் தனிய இருந்து பார்க்கவேண்டாம். நான் இரவு வேலைக்குப் போகமுன், பகல் வெளிச்சத்தில், நிறுத்தி நிறுத்தி இரண்டு நாளில்தான் பார்த்து முடித்தேன்.