பஸ்ஸுக்குக் கொஞ்சம் வழி விடுங்கள்!

காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையின் ஏதாவது ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். வரிசையாக முப்பது, நாற்பது கார்கள் நிற்கும். பெரும்பாலான கார்களில் ஓட்டுபவர் மட்டும்தான் இருப்பார். அவற்றுக்கு நடுவே, படிக்கட்டு வரை ஆட்களோடு ஒரு மாநகரப் பேருந்து மாட்டிக்கொண்டிருக்கும். அத்தனை கார்களிலும் இருப்பவர்களை எண்ணினாலும், அந்த ஒரு பஸ்ஸில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஈடாகுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும், பஸ்ஸும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும்.

'பஸ்ஸுக்கு மட்டும் ஒரு தனித்தடம் விட்டால் என்ன?' என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. பிரேசிலின் குரிடிபா நகரம் 1974-லேயே இதைச் செய்து காட்டியது. அதே 1970-களில் சிங்கப்பூரிலும் பஸ் தடங்கள் வந்துவிட்டன.

வாங்காமலே மூன்று பஸ்!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பஸ் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் 12 பஸ்கள் ஓடினால், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். தனித்தடத்தால் 24 நிமிடம் மிச்சமானால், அதே 12 பஸ்கள் 8 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். நெரிசல் அப்படியே இருக்கும் சாலையில் இதே வசதியைத் தர வேண்டுமென்றால், கூடுதலாக மூன்று பஸ்கள் வாங்க வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம், டீசல் செலவெல்லாம் தனி.

அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராமல், பிறகு மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருமே... அந்த எரிச்சலும் குறையும். முன்னால் போகும் பஸ் நெரிசலில் தாமதமானால், நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்க, அது இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ் காலியாக ஓடிவந்து அதைப் பிடித்துவிடும். வழி சீராக இருந்தால், இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

டெல்லியில் நடந்தது என்ன?

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008-ல் டெல்லியில் பஸ் தடம் திறந்தார்கள். சாலையின் நடுவில் பஸ்களுக்கு வழி, இருபுறமும் மற்ற வாகனங்கள். பஸ்கள் வேகமாகப் போயின. ஆனால், சந்திப்புகளில் சிவப்பு விளக்குக்காக கார்கள் வெகுநேரம் காத்திருந்தன. பக்கத்தில் தடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்த கார்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012-ல் நீதிமன்றம் பஸ் தடத்துக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. இருந்தும், எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் 2016-ல் அந்தத் தடத்தை இடித்து எடுத்துவிட்டார்கள்.

அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய 'ஜன்மார்க்' வேறு விதம். நடுச்சாலையில் நிலையங்கள், முன்கூட்டியே டிக்கெட், பஸ் தளத்தின் உயரத்துக்கே நடைமேடை, அந்தத் தடத்துக்கென்றே தனி பஸ்கள். ஏறி இறங்க ஆகும் நேரம் குறைந்தது.

பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் 2019-ல், சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரையிலான பகுதியில் சிறு தடுப்புக் கம்பங்கள் நட்டு பஸ் தடம் பிரித்தார்கள். பின்னர் மெட்ரோ வேலைகள் வந்ததும் அந்தத் தடம் சிதைந்துபோனது.

நம் சாலைகளுக்கு என்ன தேவை?

கோடு போடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவதில்தான் எல்லாமே இருக்கிறது.

* சாலை ஓரத்தில் தடம் விட்டால், அங்கே நிற்கும் கார்களுக்கும், சரக்கு இறக்கும் வேன்களுக்கும், ஆட்டோக்களுக்கும் முதலில் மாற்று இடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நாளில் அது பார்க்கிங் ஆகிவிடும்.

* நடுவில் விட்டால், நிறுத்தத்துக்குப் போக மக்கள் சாலையைக் கடக்க வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் பயமின்றிக் கடக்க சிக்னல் வேண்டும்.

* சந்திப்புகளில் பஸ்ஸுக்கு முன்னுரிமை தரும்படி சிக்னல் நேரத்தை மாற்ற வேண்டும். சந்திப்பில் மாட்டிக்கொண்டால், நடுவழியில் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் வீண்.

* எல்லாச் சாலைக்கும் நாள் முழுக்கத் தடம் தேவையில்லை. சிங்கப்பூரில் சில சாலைகளில் காலை, மாலை நெரிசல் நேரங்களில் மட்டும் தடம் பஸ்களுக்கு. அத்துமீறினால் அபராதம்.

* தடம் காலியாகத் தெரியக் கூடாது. நிறைய பஸ்கள் ஓடும் சாலையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையில் சாலை ஒரு துறையிடம், பஸ் இன்னொரு துறையிடம், சிக்னல் போலீஸிடம் இருக்கிறது. இவர்களை ஒன்றாக உட்கார வைக்கத்தான் 'கும்டா' என்கிற போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிற பலருக்கு அது பெரிய உதவி. ஆனால், சாயங்காலம் வேலை முடிந்து ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றுகொண்டே வருகிறவருக்கு, டிக்கெட் காசு மிச்சமானாலும் வீட்டில் பிள்ளையோடு உட்காரும் நேரம் மிச்சமாவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்தையாவது திருப்பித் தர முடியும். உங்கள் பகுதியில் அடுத்த முறை சாலை போட வரும்போது, 'பஸ்ஸுக்கு வழி எங்கே?' என்று கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள்.