கடைக் காமிரா: கணக்கும் இடமும்

துணிக்கடையில் திருட்டு நடக்கிறது. காமிராப் பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆள் தெரிகிறார்; முகம் தெரியவில்லை! ஏன்?

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பிம்பம் விழும் உணரியின் அகலம் 4.8 மி.மீ., லென்சின் குவிதூரம் 4 மி.மீ. என்று கொள்வோம். வடிவொத்த முக்கோணங்களின்படி, 5 மீட்டர் தொலைவில் காமிரா காணும் அகலம் 4.8 × 5 ÷ 4 = 6 மீட்டர். படத்தின் குறுக்கே 1920 புள்ளிகள் இருந்தால், மீட்டருக்கு 320 புள்ளிகள். முன்பின் அறியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளிகள் தேவை என்றது 2014ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி. ஆகவே இது போதும். அவரே 10 மீட்டருக்கு அப்பால் நின்றால் 160தான், போதாது.

12 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் அங்கேயே 480 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் காணும் அகலம் 12 மீட்டரிலிருந்து 4 மீட்டராகச் சுருங்கிவிடும். எனவே கடை முழுவதையும் பார்க்க ஒரு காமிரா, வாசலுக்கும் கல்லாவுக்கும் தனித்தனிக் காமிரா என்பதே முறை.

உயரமும் முக்கியம். 4 மீட்டர் உயரத்திலிருந்து, 2.5 மீட்டர் தள்ளி நிற்பவரைக் காமிரா 45 பாகை சாய்வில் பார்க்கும், தலைமுடிதான் தெரியும். 2.5 மீட்டர் உயரத்தில் வைத்து 5 மீட்டர் தொலைவில் பார்த்தால் சாய்வு சுமார் 11 பாகையே. முகம் நன்கு தெரியும்.

வாசலுக்கு நேர் எதிரே வைத்தால், வெளி வெயிலின் முன் முகம் கருநிழலாகிவிடும். ஒளி வேறுபாட்டைச் சமன்செய்யும் காமிராவைத் தேர்ந்தெடுங்கள்; அல்லது வெயில் பின்னணியில் வராதபடி பக்கவாட்டில் வையுங்கள்.

மங்கலான படம் திருடனைத் தப்பவிடுவது மட்டுமன்று. குற்றமற்றவர் மீது பழி விழவும் வழி செய்யும். ஆகவே சுவரில் துளையிடுமுன், ஒருவரை அங்கே நிறுத்தி அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.