முகக்கவசத்துக்கு விதி உண்டு; வகுப்பறைக் காற்றுக்கு?

புது தில்லி: 2009 ஆகஸ்ட் 3-ம் தேதி புணேயில் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் பன்றிக் காய்ச்சலுக்குப் பலியானார். இந்தியாவில் அந்நோயால் நேர்ந்த முதல் உயிரிழப்பு அது. மறுநாள் கல்வி உரிமை மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. புணேவாசிகள் முகக்கவசம் தேடி அலைந்த வாரத்தில்தான், ஒரு பள்ளிக்கு என்னென்ன தேவை என்ற பட்டியலுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது.

அச்சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, குடிநீர், தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் ஆகியவை இடம்பெற்றன. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடமும் உண்டு. காற்றோட்டம் என்ற சொல் இல்லை. மசோதா மீது விவாதம் நடந்தது. ஆனால் ஜன்னலுக்காகக் கட்சிகள் மோதிக்கொள்வதில்லை.

11 ஆண்டுகளுக்குள் கரோனா வந்தது. வினய் சகஸ்ரபுத்தே தலைமையிலான கல்வித் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, பள்ளிகளைத் திறக்குமாறு 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. சுழற்சி முறை வகுப்பு, சமூக இடைவெளி, எந்நேரமும் முகக்கவசம் ஆகியவை அதன் நிபந்தனைகள். அதற்குள் தொற்று வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டிருந்தது. அவ்வாண்டு ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கு நோய் எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன. இத்தனைக்கும் அவர்களுக்குத் தடுப்பூசி போடப்படவில்லை. தொடக்கப் பள்ளிகளும் பெரும்பாலும் மூடியே கிடந்தன.

2022 ஜனவரியில் மத்திய அரசு வயதுவாரியாக நெறிமுறை வகுத்தது. 5 வயது வரை முகக்கவசம் வேண்டாம். 6 முதல் 11 வரை, முறையாக அணியத் தெரிந்தால் பெற்றோர் கண்காணிப்பில் அணியலாம். 12-க்கு மேல் பெரியவர்களைப் போலவே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை நாள் முழுதும் மூக்குக்கு மேல் வைத்திருக்குமா என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும்.

முகக்கவசம் வீண் என்று சொல்வதற்கில்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், அறுவைச்சிகிச்சை முகக்கவசம் வழங்கப்பட்ட ஊர்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. அங்கும் பாதிப் பேர்கூட அதை முறையாக அணியவில்லை. ஆய்வுக்கு உள்ளானவர்கள் பெரியவர்களே. பள்ளிப் பிள்ளைகள் அல்லர்.

தில்லியின் சங்கடம் வேறு. 2021 நவம்பர் 1-ல் அனைத்து வகுப்புகளும் திறக்கப்பட்டன. இரண்டே வாரத்தில் காற்று மாசு காரணமாக மூடப்பட்டன. தொற்றைத் தடுக்க ஜன்னலைத் திற என்கிறது மருத்துவம். புகையைத் தடுக்க மூடு என்கிறது குளிர்காலம். துணிக் கவசம் நுண்துகளை அவ்வளவாகத் தடுக்காது. என்-95 தடுக்கும், ஆனால் பெரியவர் முகத்துக்கென அளவெடுத்த அது, சிறுவர் கன்னத்தில் படியாமல் ஓரத்தில் காற்றை விட்டுவிடும். நுண்துகள், கிருமி இரண்டையும் பிடிக்கும் வடிகட்டி இயந்திரங்கள் வசதியுள்ள தனியார் பள்ளிகளில் ஓடுகின்றன. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விடுமுறைதான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, அட்டவணையில் புதிய தர நெறிகளைச் சேர்க்க மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றே போதும். அந்த அறிவிக்கை பின்னர் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்பட வேண்டும்.