கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகளில் ஒளிச் சீரமைப்பு

கண்காணிப்பு ஒளிப்படக்கருவிகளில் ஒளிச் சீரமைப்பு என்பது, வெளிச்சம் சீராக இல்லாத இடங்களில் ஆட்களின் முகம், ஊர்திகளின் பதிவெண் போன்றவை அடையாளம் காணத்தக்கவாறு பதிவாவதற்காகக் கருவியின் படிம அமைப்புகளைச் சரிசெய்வதாகும். ஒளிபுகு நேரம், மிகைப்பு, இயங்கு நெடுக்கம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

எதிர்வெளிச்சம்

கடையின் உள்ளிருந்து வாயிலை நோக்கும் கருவி இச்சிக்கலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நண்பகல் வெயிலில் வெளியே ஒளிர்வு 1,00,000 லக்சு வரை இருக்கும். உள்ளே சில நூறு லக்சு மட்டுமே. கருவி காட்சி முழுமைக்கும் சராசரி கண்டு ஒளிபுகு நேரத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், நுழைபவர் முகமற்ற கரிய நிழலுருவாகப் பதிவாகிறார். மாறாக, முகத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டினால் வெளிப்புறம் வெளுத்துவிடும். நிறைவடைந்து வெளுத்த படப்புள்ளிகளில் தகவல் ஏதும் எஞ்சுவதில்லை. திருட்டு நடந்த பின் எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது.

எதிரொளி ஈடுசெய்தல் அமைப்பு, குறிப்பிட்ட பகுதியை மட்டும் கணக்கிற்கொண்டு ஒளியைத் தீர்மானிக்கிறது. முகம் தெளிவாகும், பின்புலம் இழக்கப்படும். அகன்ற இயங்கு நெடுக்க முறையில், குறுகிய நேரத்திலும் நீண்ட நேரத்திலும் அடுத்தடுத்து எடுக்கப்படும் படிமங்கள் ஒன்றாக்கப்படுகின்றன. 60 டெசிபெல் என்பது 1,000:1 விகிதத்தையும், 120 டெசிபெல் என்பது 10,00,000:1 விகிதத்தையும் குறிக்கும். இரு படிமங்களுக்கு இடையே ஆள் நகர்ந்தால் விளிம்புகளில் இரட்டையுருத் தோன்றலாம். 'எண்ணிம' அகன்ற நெடுக்கம் எனப்படுவது வேறு. அது ஒரே படிமத்தின் இருண்ட பகுதிகளைப் பிரகாசமாக்குவது மட்டுமே. அதனுடன் இரைச்சலும் கூடும். விலைப்பட்டியலில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் வருவதால், வாங்குவோர் ஏமாறுவது எளிது.

இரவும் இயக்கமும்

இரவில் தானியங்கி அமைப்பு ஒளிபுகு நேரத்தை நீட்டுகிறது. நின்றிருக்கும் பொருள்கள் அழகாகத் தெரிவதால் பயனர் நிறைவடைந்துவிடுகிறார். ஆனால் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் குறுக்கே செல்லும் ஊர்தி, 1/25 நொடியில் 40 செ.மீ. நகர்ந்துவிடும், பதிவெண் வெறும் தீற்றலாகும். 1/1000 நொடியில் நகர்வு 1 செ.மீ. மட்டுமே. எனினும் அந்நேரத்தில் சுற்றுப்புறம் பெரும்பாலும் இருண்டுவிடும். ஆகவே பதிவெண்ணுக்கும் முகத்துக்கும் தனித்தனிக் கருவிகளைப் பொருத்துவதே முறை. மிகைப்பைக் கூட்டி ஈடுகட்டினால் இரைச்சல் பெருகி, பதிவுக் கோப்பின் அளவும் ஏறுகிறது.

இந்தியா, இலங்கை போன்று 50 ஏர்ட்சு மின்வழங்கல் உள்ள நாடுகளில் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. ஒளிபுகு நேரம் 1/100 அல்லது 1/50 நொடியாக இருந்தால் சிமிட்டல் தெரியாது. கருவியில் 60 ஏர்ட்சு தெரிவு செய்யப்பட்டிருந்தால் படிமத்தில் பட்டைகள் ஓடும்.

அகச்சிவப்பு ஒளி

850 நானோமீட்டர் அலைநீள விளக்குகள் மங்கிய செந்நிறமாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் தெரிவதில்லை. ஆயின் உணரியின் உணர்திறன் அங்கு குறைவு என்பதால் எட்டும் தொலைவும் குறையும். இரண்டிலும் படிமம் கருப்பு வெள்ளையாகவே அமைவதால், ஆடையின் நிறத்தை இரவுப் பதிவைக் கொண்டு கூறுதல் தவறு. சில கருஞ்சாயத் துணிகள் அகச்சிவப்பில் வெண்மையாகத் தோன்றும்.

முகப்புக் கண்ணாடியில் படிந்த தூசும் சிலந்தி வலையும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசிப் படிமத்தை வெண்புகை போல மறைக்கும். இதற்கு அமைப்புகளில் தீர்வு இல்லை, துடைத்தலே வழி.